அக்காவின் பெயர்

அடிபடும் குழந்தைகளை மீட்கும் அந்தச் சமூகப் பணியாளரைக் குடியிருப்பில் எல்லோரும் ‘அக்கா’ என்றே அழைத்தார்கள். பாதுகாப்புக்காக அவர் எந்த வாசலிலும் தன் பெயரைச் சொன்னதில்லை.

பதிவு பெற்ற பணியாளரின் சாட்சியம் மட்டுமே செல்லும் என்று புதிய சட்டம் வந்தது. அந்தப் பதிவை யாரும் பார்க்கலாம்.

“வேலியில போற ஓணானை மடியில கட்டிக்கிறியே!” என்றார் கணவர்.

“நான் மீட்டுக் காப்பகத்துல விட்ட பொண்ணு, நான் பதியலைன்னா திரும்ப அடிக்கிற அப்பன்கிட்டதான் போகணும்.”

நீதிமன்றத்தில் பெயரையும் பதிவு எண்ணையும் உரக்கச் சொல்லச் சொன்னார்கள். சொன்னார்.

“அட, அக்காவுக்குப் பேரெல்லாம் இருக்கா?” என்று பின்வரிசையில் சிரித்தான் சிறுமியின் அப்பன்.

சிறுமி காப்பகத்திலேயே இருக்கட்டும் என்று தீர்ப்பானது. வெளியே படிக்கட்டில் அவன் காத்திருந்தான். அவரை முழுப்பெயர் சொல்லி அழைத்து, “பார்த்துப் போங்க” என்றான்.