பன்னிரண்டு ஷட்டரும் ஒரு கையெழுத்தும்

கள்ளக்குறிச்சியில் தெய்வசிகாமணி கட்டிய கடை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாடகைக்கு எடுக்கலாம். வில்லங்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ரோட்டோரமாக ஓர் இடம் விலைக்கு வந்தால் மற்றவர்கள் சென்ட் என்ன விலை என்பார்கள். இவர் கேட்கும் முதல் கேள்வி, "கூடப் பொறந்த பொண்ணுங்க எத்தினி பேரு?" அந்தப் பெண்கள் பெங்களூரில் செங்கல் சுமந்தாலும் நேரில் வந்தாக வேண்டும். பத்திரத்தை அவர்களுக்கு வரிவரியாகப் படித்துக் காட்ட வேண்டும். அப்புறம்தான் கையெழுத்து. ஒரு தங்கச்சி முகம் சுளித்தாலும் எழுந்து வந்துவிடுவார். அப்படிக் கைநழுவிப் போன நல்ல இடங்கள் ஏராளம். மனிதர் அசைந்து கொடுத்ததில்லை.

இத்தனை கறார் பேசுகிறவரின் முதல் காம்ப்ளக்சிலேயே ஓர் ஓட்டை இருந்தது. பதினைந்து வருஷமாக அது அவர் கண்ணில் படவே இல்லை. படாத மாதிரி இருந்தார் என்று சொல்வதுதான் நியாயம்.

ஆரம்பத்தில் அவர் உரக்கடையில் மூட்டை தூக்கியவர். கல்வராயன் மலையிலிருந்து மக்காச்சோளத்தை இறக்கிக்கொண்டு வருகிறவர்கள், மழை வந்தால் மூட்டைகளை மூடக்கூட வழியில்லாமல் தவிப்பதைத் தினமும் பார்த்தார். கச்சிராயபாளையம் ரோட்டில் அப்பா விட்டுப்போன நிலம் முள் மண்டிக் கிடந்தது. அதில் தகரம் போட்டு ஒரு குடோன் எழுப்பினார். குடோன் நிறைந்ததும் கடை கட்டும் ஆசை வந்தது. கட்டிடத்துக்குத் தண்ணீர் ஊற்றியது அவர் மனைவி ஜெயசுதா. மகன் இளவரசனும் மகள் இலக்கியாவும் பள்ளிக்கூடம் விட்டு வந்து மணல் சலித்தார்கள். பன்னிரண்டு ஷட்டரும் அந்தக் குடும்பத்தின் வியர்வைதான், அதில் பொய்யில்லை.

ஆனால் பேங்கில் கடன் வாங்க நிலம் அவர் ஒருவர் பெயரில் இருக்க வேண்டியிருந்தது. எலவனாசூர்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட தங்கை சின்னப்பொண்ணுவை, "ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ" என்று கூப்பிட்டார். காய்ச்சல் கண்ட பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "சம்மதம்தானம்மா?" என்று சார்பதிவாளர் கேட்டார். அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையாட்டிவிட்டு, பென்சிலால் குறி வைத்திருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய பங்கு ஐந்து நிமிஷத்தில் போயிற்று. ஒரு பட்டுப்புடவை, ஓட்டலில் ஒரு பூரி செட்டு, ஊருக்கு பஸ். அந்தப் பக்கத்தில் இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. தங்கை விட்டுக்கொடுப்பாள், அண்ணன் ஆயுசுக்கும் பொங்கல் சீர் கொண்டுபோவான். தெய்வசிகாமணியும் ஒரு வருஷம்கூடச் சீர் தவறியதில்லை.

கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரமானதும் அந்த ரோட்டில் இடத்தின் விலை எங்கோ போய்விட்டது. போன வருஷம் இளவரசனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. காம்ப்ளக்சை மகன் பெயருக்கு எழுதிவிட நினைத்தார். பின்னால் பேச்சு வரக்கூடாதே என்று, சாப்பிடும்போது இலக்கியாவிடம், "நீயும் ஒரு கையெழுத்து போட்டுடும்மா" என்றார்.

கடை ஒப்பந்தங்களைக் கவனித்துக்கொள்வது இலக்கியாதான். "போடறன்ப்பா," என்றாள். "ஊரான் வூட்டுப் பொண்ணுங்களுக்கெல்லாம் படிச்சிக் காட்ட சொல்றீங்களே, அத்தைக்கு யாருப்பா படிச்சிக் காட்னாங்க?"

பிசைந்த சோறு தட்டிலேயே இருந்தது. வெட்கமாக இருந்தது அவருக்கு, பெற்ற பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாத வெட்கம். நாலாம் நாள், கிழக்குப் பக்க ஆறு ஷட்டர் சின்னப்பொண்ணுக்கு, மீதியுள்ள ஆறும் பிள்ளைகள் இருவருக்கும் என்றார்.

"கல்யாணத்த வச்சிகினு இன்னா வேல இது? பொண்ணு வூட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்க?" என்று ஜெயசுதா குதித்தாள்.

"நெனைக்கட்டும்" என்றார். அவர் முடிவெடுத்தால் எடுத்ததுதான்.

ஆனால் வாங்கிக்கொள்ள வேண்டியவள் மசியவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "வேணாண்ணா," என்றாள் சின்னப்பொண்ணு. "பங்கு வாங்கிட்டா ஊரு கண்ணுக்கு நான் தங்கச்சி இல்ல, பங்காளி. அப்புறம் பொங்கலுக்கு என் வாசப்படிய யாரு மிதிப்பா?"

நூறு பெண்களிடம் நயமாகப் பேசிக் கையெழுத்து வாங்கியவர் இவளிடமும் அப்படியே பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. விடவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை போனார், நாலு தடவையும் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். ஐந்தாம் தடவை போனது புரட்டாசி மாதம். காரிலிருந்து பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, புதுப்பானை எல்லாம் இறங்கின. கூடவே, தெரிந்தவர் கொல்லையில் வெட்டிய இரண்டு கரும்பு, பாதிகூட வளராதவை.

தெருவே வேடிக்கை பார்த்தது. "இன்னாண்ணா இது? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"பொங்க சீரு. தை மாசமும் வரும். நீ பங்காளி ஆனாலும் வரும், நான் செத்தா எம்புள்ள எடுத்தாருவான். அதக் காட்டத்தான் இப்பவே எடுத்தாந்தன்."

சிரிக்க ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, வரன். ஆனா நானே படிச்சிப் பார்த்துட்டுதான் கையெழுத்து போடுவன்" என்றாள். அஞ்சாவது வரை படித்தவள் அவள்.

பத்திர ஆபீசில் அன்று நல்ல கூட்டம். "யாரும் வற்புறுத்தலையே?" என்று அதிகாரி தெய்வசிகாமணியைக் கேட்டார். "இல்லைங்க" என்று கையெழுத்துப் போட்டார். பிறகு பத்திரம் சின்னப்பொண்ணு கைக்குப் போனது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துக் கூட்டிப் படித்தாள். முதல் பக்கத்துக்கே கால் மணி நேரம். பின்னால் டோக்கன் வைத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். தெய்வசிகாமணி திரும்பி, "இருங்க. அது படிக்கட்டும்" என்று அதட்டினார். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இடத்தின் நாலு எல்லையைச் சொல்லும் வரியில் விரல் நின்றது. "மேக்க, தெய்வசிகாமணி கடை. ரெண்டுக்கும் ஒரே செவுருதானண்ணா?"

"ஒரே செவுருதாம்மா."

கடைசிப் பக்கம் வரை படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டாள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவள், இந்த முறை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அதைக் கவனித்துக்கொண்டே நின்ற தெய்வசிகாமணிக்கு, இத்தனை வருஷத்தில் ஒரு பத்திரத்தைச் சரியாக முடித்தது இன்றைக்குத்தான் என்று பட்டது.