தலைக்கு எண்ணெய் வேண்டாம் என்ற தேசம்மா

"இன்னா வேணா பண்ணு தங்கச்சி. தலைக்கு மட்டும் எண்ண வெக்காத."

தேசம்மா என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். இன்னும் கட்டிலில் உட்காரக்கூட இல்லை. பேர் என்ன, ஊர் எது என்று நான் கேட்பதற்குள் சொல்லிவிட்டாள்.

இயற்கை மருத்துவ மையத்தில் வேலை என்றால் நாள் முழுக்க ஏசியில் பூ வாசனையோடு நிற்கலாம் என்று நினைத்துப் புதுப் பிள்ளைகள் தெரபிஸ்டாகச் சேர வருகிறார்கள். வந்த அன்றைக்கே மட் பேக்குக்கு மண் பிசையச் சொன்னால் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். சலித்த மண், ஃபுட் பாத்துக்கு வெந்நீர், நனைத்த துணி, பிழிந்த துணி, காயப்போட்ட துணி, இதுதான் எங்கள் பிழைப்பு. எங்கள் மையம் கவரைப்பேட்டையில் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் சிப்காட் ஆட்கள். ஃபவுண்டரியில் குனிந்து குனிந்து இடுப்பு போனவர்கள், நைட் ஷிஃப்ட் பார்த்துத் தூக்கம் போனவர்கள். மீதிப் பேர் வாட்ஸ்அப்பில் வந்த கஷாயத்தை எல்லாம் ஒரு கை பார்த்துவிட்டு, வயிறும் கெட்ட பிறகு வருகிறவர்கள்.

நானும் சிப்காட்டில் பேக்கிங் செக்ஷனில் நின்றவள்தான். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதால் உட்கார்ந்து பார்க்கிற வேலை தேடி இங்கே வந்தேன். இதுவும் நிற்கிற வேலைதான் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஊத்துக்கோட்டைக்காரி, வாய் கொஞ்சம் நீளம். பேஷன்ட் அடம் பிடித்தால் பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் திட்டிவிடுவேன். அவர்களும் சிரித்துக்கொண்டே சொன்னபடி கேட்பார்கள். தேசம்மாவிடம் அந்த வித்தை பலிக்கவில்லை.

வெந்நீரில் வந்த தூக்கம்

தேசம்மா பழவேற்காட்டு ஏரியோரத்துக் குப்பத்துக்காரி. அறுபதை ஒட்டிய வயது. ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவியே இறால் பிடித்தவள். அந்தக் கைக்கு முடக்குவாதம் வந்து பல வருஷம் ஆகிறது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ஏழுமலை சில மாதங்களுக்கு முன்பு மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் விரல் எல்லாம் வீங்கிக் கோணிக்கொள்ள ஆரம்பித்தது.

மருமகள் ரேவதிதான் கூட்டிக்கொண்டு வந்தாள். சிப்காட்டில் மிஷின் ஆபரேட்டர். லீவு கிடைக்காமல் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடேயே வந்திருந்தாள்.

"முடக்கத்தான் தோச, பெரண்ட தொவையலு, எல்லாம் செஞ்சு பாத்துட்டேன் டாக்டர்," என்றாள். "இங்க வரணும்னு அத்தையே கேட்டாங்க. இங்க மாத்திர கெடையாதாமே?"

எங்கள் டாக்டர் நிவேதா வயதில் சின்னப் பெண். ஆனால் பதமாகப் பேசுவாள், பேச்சில் கறாரும் இருக்கும். தேசம்மாவின் விரல் கணுக்களைத் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றும் சுட்டது.

"சூடா வீங்கியிருக்கிற மூட்டுல மசாஜ் பண்ணக் கூடாதும்மா. இப்போதைக்கு ஐஸ் ஒத்தடம்தான். அந்த ஆஸ்பத்திரி மாத்திரைய நிறுத்தாம போடணும். இந்த நோவுக்குத் தண்ணி வலிய ஆத்தும், மாத்திரதான் நோவப் புடிச்சு நிறுத்தும். ரெண்டும் வேணும். போடறீங்க இல்ல?"

"போடறேன், போடறேன்," என்றாள் தேசம்மா. வரும்போது இருந்த முகம் அப்போதே வாடிவிட்டது.

"இப்படியே விட்டா விரல் கோணின மேனிக்கே நின்னுடும். அப்புறம் எங்களால மட்டும் இல்ல, யாராலயும் நிமித்த முடியாது," என்று டாக்டர் அழுத்திச் சொன்னாள்.

தூக்கமே இல்லை என்று ரேவதி சொன்னதால் டாக்டர் ஹெட் மசாஜும் ஃபுட் பாத்தும் எழுதிக் கொடுத்தாள். எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்ததும் தேசம்மா அந்த முதல் பேச்சைச் சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் நகர்ந்துவிட்டாள். தலைமுடி தேங்காய் நார் மாதிரி வறண்டு சிக்குப் பிடித்திருந்தது. நானும் விடவில்லை.

"யக்கா, காக்கா கூடு கட்டற மாதிரி கீது இந்தத் தல. ரெண்டு சொட்டு வெக்கறேன், குளுகுளுன்னு இருக்கும்."

"வேணாம்னா வேணாம்."

சரி என்று ஃபுட் பாத் மட்டும் கொடுத்தேன். காலை வெந்நீரில் வைக்கும்போது தலையில் ஈரத்துணி போடுவது எங்கள் முறை. அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்து குறட்டை விட்டாள். எத்தனை நாள் தூங்காத தூக்கமோ, எழுப்ப எனக்கு மனசு வரவில்லை.

அந்த நேரத்தில் ரேவதி வெளியே நின்று விஷயத்தைச் சொன்னாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பிறந்த வீட்டார் எண்ணெயும் சீயக்காயும் கொண்டுவந்து தலையில் வைத்து முழுகச் சொல்வது அவர்கள் வழக்கம். அதோடு துக்கம் கழிந்தது என்று அர்த்தம். தேசம்மாவின் அண்ணன் எண்ணெயோடு கிட்டே வந்ததும் அவள் மணையிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டாளாம், அத்தனை சொந்தத்தின் முன்னாலும். அண்ணன் அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனவர், பிறகு வாசல் மிதிக்கவில்லை.

"துக்கம் கழியாத ஊடுன்னு ஒரு நல்லது கெட்டதுக்குக் கூப்புட மாட்டேங்கறாங்க. ஊட்டுக்காரரு கடலுக்குப் பூட்டா நானும் அவங்களும்தான் மூஞ்ச மூஞ்சப் பாத்துக்கினு இருக்கறோம். ரொம்பப் பேஜாரா கீது மல்லிகாக்கா," என்றாள் ரேவதி. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உண்மையில் ஃபுட் பாத் அவளுக்கும் வேண்டியிருந்தது.

எலி கடித்த அட்டை

அடுத்த தடவை வந்தபோது தேசம்மாவின் கை இன்னும் மோசமாக இருந்தது. டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தண்ணீர் குடித்தாள். மாத்திரை போடறீங்களா என்று டாக்டர் மறுபடி கேட்டாள். போடறேன் என்று அவளும் மறுபடி சொன்னாள்.

ரேவதிக்குப் பொறுக்கவில்லை. ஹேண்ட்பேக்கைத் திறந்து மேஜையில் கொட்டினாள். மாத்திரை அட்டைகள்.

"பொய் சொல்றாங்க டாக்டர். அரிசி டப்பாக்குப் பின்னால இருந்து எடுத்தேன். நான் ஒவ்வொரு தடவையும் லைன்ல நின்னு வாங்கினு வர்றேன், இவங்க ஒளிச்சு வெக்கறாங்க. மாமா பின்னாலயே பூடணும்னு நெனைக்கறாங்க. எனக்குத் தெரியாதா?"

அறையில் ஒரு மாதிரியாக இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பது என் பழக்கம். ஒரு அட்டையைக் கையில் எடுத்தேன். அலுமினிய ஓரமெல்லாம் குழி குழியாக நசுங்கியிருந்தது.

"இன்னா யக்கா, உங்க ஊட்டு எலிக்கும் மூட்டு வலியா? அட்டையக் கடிச்சு வெச்சிருக்குது!"

யாரும் சிரிக்கவில்லை. தேசம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். ரேவதி என் கையிலிருந்த அட்டையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் குரல் அப்படியே இறங்கிவிட்டது.

"அத்தே. இது பல்லு."

தேசம்மா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கட்ட வெரலு அமுத்த மாட்டேங்குதுமே. கடிச்சுப் பாத்தேன். பாதி பொடியாப் பூடுது, பாதி கீழ வுழுந்து மண்ணாப் பூடுது. இங்க மாத்திர இல்லன்னு சொன்னாங்க, அதான் வந்தேன். இங்கயும் அதத்தான் சொல்றீங்க."

"ஒரு வார்த்த என்னக் கேக்கக் கூடாதா அத்தே?"

"விடிகாலம் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடற. வந்தா சோறு, தண்ணி, துணின்னு நிக்கற. இதுக்கும் உன்னக் கூப்புடணுமா? அதுவும் இல்லாம, அது அவரு வேல."

இத்தனை நாளும் அடம் பிடிக்கிறாள், அடம் பிடிக்கிறாள் என்று மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தோம். அவளோ ராத்திரியில் தனியாக உட்கார்ந்து பல்லால் அட்டையைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டர் மேஜையைச் சுற்றி வந்து முக்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். "தலைக்கு எண்ணெய் வெச்சதும் அவர்தானாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தேசம்மா தலையை ஆட்டினாள். "கை தோளுக்கு மேல எழும்பாது எனக்கு. அவருதான் எண்ண வெச்சு, வாரி, கொண்ட போட்டுட்டுக் கடலுக்குப் போவாரு. ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும்னு சொல்லுவாரு. வலைக்கு முடிச்சுப் போட்ட கை இல்லியா, கொண்டைய அவுக்கறதுக்குள்ள உயிரு பூடும்." அதைச் சொல்லும்போது அவள் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. "எங்க அண்ணன் வந்து எண்ண வெச்சா, அவரு வெச்சது அத்தோட முடிஞ்சு பூடும் இல்ல? அதான் எழுந்து பூட்டேன்."

ரேவதி அவள் காலடியில் உட்கார்ந்து மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கோணிய கை அவள் முதுகை மெல்லத் தடவிக்கொடுத்தது.

தொட்டியில் இறால்

அன்றைக்கே டாக்டர் சென்னை ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். ரத்தப் பரிசோதனை எடுத்து, அங்கே போய்க் காட்டி, மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். தினமும் போடுகிறதை ரேவதி தன் லீவு நாளில் பிதுக்கி வைத்துவிடுவாள். அதையும் திருகு மூடி போட்ட டப்பாவில் வைக்காதே, அதுவும் திறக்க வராது என்று சொன்னேன். மேலே தட்டு மூடிய சின்னக் கிண்ணத்தில் வைத்தாள். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் போடுகிற மாத்திரையைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டாள். அது தவறிப்போய் தினமும் உள்ளே போனால் ஆபத்து.

வீக்கத்தின் சூடு தணிந்த பிறகு ஆர்ம் பாத் ஆரம்பித்தோம். முழங்கை வரைக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து விரலை மடக்கி நீட்ட வேண்டும். சும்மா மடக்கி நீட்டச் சொன்னால் யாருக்கும் சலித்துப்போகும். அதனால் தொட்டியின் அடியில் கூழாங்கல்லைப் போட்டுவிட்டு, எடுங்க யக்கா என்றேன். தேசம்மா கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் அடியில் தடவித் தடவிப் போயின. ஏரிச் சேற்றில் எத்தனை வருஷம் போன கை அது.

"ஒன்னு மாட்டிக்கிச்சு," என்றாள்.

"பெரிய எறாவா?"

"பொடி. வுட்டுடறேன், பொழச்சுப் போவட்டும்."

தண்ணீரில் கை இருக்கும்போதுதான் அவள் ஏழுமலையைப் பற்றிப் பேசுவாள். மழைக்கு முன்னால் காற்று திரும்புவதை மூக்காலேயே கண்டுபிடிப்பாராம். அவர் வைக்கிற குழம்பில் எப்போதும் உப்பு கூடவாம். சில நாள் கண்ணீர் மட்டும் தொட்டியில் சொட்டும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. தண்ணீர் ஆறினால் மாற்றி ஊற்றுவேன், பக்கத்தில் இருப்பேன், அவ்வளவுதான்.

நோய் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. முடக்குவாதம் அப்படிப் போகிற நோய் இல்லை, போக்கிவிடுவேன் என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். கோணின விரல் கோணினதுதான். ஆனால் அதற்கு மேல் கோணவில்லை. டம்ளர் ஒரு கைக்கு வந்தது. ராத்திரித் தூக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

ஒரு நாள் காலை, நைட் ஷிஃப்ட் முடித்த ரேவதி யூனிஃபார்மோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஆர்ம் பாத் முடித்துக் கையைத் துடைத்துவிட்டேன். தேசம்மா அலமாரியைக் காட்டினாள்.

"அந்த எண்ணக் கிண்ணத்த இங்க எடு."

எனக்கு ஒரே சந்தோஷம். கிண்ணத்தைக் கொண்டுவந்து என் விரலை நனைக்கப் போனேன்.

"நீ இல்ல."

அவளே கையை எண்ணெயில் நனைத்தாள். மெதுவாகத் தூக்கினாள். கை காது வரைக்கும் வந்தது, அதற்கு மேல் எழும்பவில்லை. ரேவதி எழுந்துவிட்டாள். நான் அவள் யூனிஃபார்மைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். என் கையும் பரபரத்தது, பொய் சொல்லவில்லை. கை தலைக்கு எட்டாததால் தேசம்மா தலையைக் கைக்குக் குனிந்து கொடுத்தாள். உச்சந்தலையில் உள்ளங்கை பதிந்தது. எண்ணெய் நெற்றியில் இறங்கிப் புருவத்தில் வழிந்தது.

"எங்க அண்ணன் வெக்கல. ஊரு வெக்கல. நானே வெச்சுக்கினேன்," என்றாள். "அவரு கோச்சுக்க மாட்டாரு."

ரேவதி துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"தொடைக்காதமே. கொஞ்ச நேரம் இருக்கட்டும். எங்க அண்ணனுக்குப் போன் போடு. ஞாயித்துக்கெழம மீன் கொழம்பு வெக்கறேன், வரச் சொல்லு. மீன மட்டும் நீ கழுவிக் குடு."

கோபித்துக்கொண்டு போன அண்ணனையே கூப்பிடச் சொன்னதும் ரேவதி அழ ஆரம்பித்தாள். நம்பரைப் போட நான்தான் அவளுக்கு உதவி செய்ய வேண்டியிருந்தது.

புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் அடம் என்று எழுதிவிடாதீர்கள். "இத ஊட்ல உங்களுக்கு யாரு செஞ்சு குடுத்துக்கினு இருந்தாங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சிலர் பதில் சொல்வார்கள். சிலர் அழுவார்கள். அழுதால் அவசரப்படுத்த வேண்டாம், அடுத்த பேஷன்ட் கொஞ்சம் காத்திருக்கட்டும்.