படகை அவிழ்க்கிறவர்

துவைத்துக் காய்ந்த நைட்டிகளை மனைவியின் கட்டிலோரத்துச் சின்ன அலமாரியில் அடுக்கிக்கொண்டிருக்கிறார் டெய்லர். இல்லத்தில் துணி துவைக்கிற மிஷின் இருக்கிறது. அதில் போட அவர் விடுவதில்லை. "அதுல போட்டா அழுக்கு போகுதோ இல்லையோ, துணி போயிரும்" என்பார். பையில் திணித்து வீட்டுக்கு எடுத்துப்போய், கையால் கசக்கி, நிழலில் காயப்போட்டு, மத்தியானம் திரும்பக் கொண்டு வருவார். அடுக்கி முடித்ததும் மேலே உள்ளங்கையால் மெல்ல ஒரு தட்டு, தொட்டில் பிள்ளையைத் தட்டுகிற மாதிரி.

முதியோர் இல்லத்தின் மாடியறையில் ஜன்னலோரக் கட்டில் அவர் மனைவிக்கு. பக்கத்துக் கட்டில் என் பெரியம்மாவுக்கு. நடுவில் ஒரு வெளிர்நீலத் திரை. படியில் அவருடைய காலடி கேட்டதுமே பெரியம்மா படுத்தபடியே ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி அறிவிப்பாள்: "வந்தாச்சு, பெண்டாட்டிதாசர் வந்தாச்சு!"

"தாசனா இருக்கவும் ஒரு கொடுப்பினை வேணும்க்கா" என்றபடி வாசலில் செருப்பைக் கழற்றுவார்.

கடையை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. கண் மட்டும் இன்னும் அளவெடுப்பதை விடவில்லை. யார் எதிரே வந்தாலும் முதலில் தோளைப் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தை. என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தையே, "உங்களுக்கு எடது தோள் கொஞ்சம் எறக்கம். இதுவரைக்கும் எந்த டெய்லரும் சொல்லியிருக்க மாட்டான்" என்பதுதான்.

அவர் மனைவிக்கு ஞாபகம் கரைந்துகொண்டே வருகிறது. வெயில் ஜன்னல் வழியே இறங்கித் தரையில் நெளியத் தொடங்கினால் அந்த அம்மாளுக்கு அறை முழுக்கத் தண்ணீர். கட்டில்தான் படகு. புருஷன் கரையில் நிற்கிற யாரோ ஒரு ஆள். "பாத்து வாங்க, அந்தப் பக்கம் ஆழம்" என்பாள். டெய்லர் மறுத்துப் பேச மாட்டார். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, பாதத்தை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, கைகளால் நீரை விலக்கி விலக்கி வந்து சேர்வார். "இன்னைக்கு இழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்று மூச்சு வாங்குவார். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கணுக்காலில் ஜில்லென்று ஏதோ ஏறும். ஜன்னல் திரை உப்பித் தணியும். நாமும் எங்கேயோ மிதந்துபோவது போலத்தான் இருக்கும்.

"வாதாடி என்ன கண்டோம்? அவ சொல்ற எடத்துக்கு நாமளும் போயிட்டு வந்துட்டா ஆச்சு. டிக்கெட்டா எடுக்கணும்?" என்பார்.

அந்த அம்மாளுக்கு எப்போதும் குளிர். அதனால் நைட்டிகளை அவரே தைக்கிறார். கைகளை மட்டும் வேண்டுமென்றே நீளமாக வைப்பார். விரல் நுனியைத் தாண்டித் தொங்கும். நகத்தால் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளவும் முடியாது. அந்த யோசனையில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மத்தியான நேரத்து ஆயா அவரை "அப்பா" என்பாள். மாடியில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவள் ஒருத்திதான். ஓடி ஓடி வேலை செய்கிறவள். அவள் மகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக் கொடுத்து, கூலி வாங்க மறுத்தவர் இவர்.

ஒரு சமயம் அந்த அம்மாள் புதிதாக ஒன்று சொல்ல ஆரம்பித்தாள். "படகைக் கட்டிட்டாங்க. அவுத்து விடுங்க."

டெய்லர் கட்டில் காலருகே குனிவார். இல்லாத முடிச்சை நகத்தால் நெம்புவார். பல்லால்கூடக் கடிப்பார். "படுபாவி, என்னமா இறுக்கியிருக்கான்" என்று திட்டிவிட்டு, கயிற்றைச் சுருட்டித் தண்ணீரில் வீசுவார். அவள் முகம் தெளியாது. "அது இல்ல, அது இல்ல" என்று தலையை ஆட்டுவாள். "இன்னொண்ணு இருக்கா? இரு, அதையும் அவுத்துடலாம்." திரைக்கு இந்தப் பக்கம் நான் சிரித்திருக்கிறேன். ஆயாவும் சிரித்தாள். பெரியம்மா மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். தூக்கம் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் வீட்டில் துணி கசக்கும்போது அவர் கண்ணில் பட்டது இதுதான்: நைட்டியின் தோள் மூட்டில் தையல் விட்டிருந்தது. "தேஞ்சு விட்ட தையல் வேற, இழுபட்டு விட்ட தையல் வேற" என்று பிறகு சொன்னார். "தேஞ்சா சுத்திவர நைஞ்சுபோகும். இது ஒரே பக்கமா வாயைப் பொளந்திருந்துச்சு." நைட்டிக் கையின் நுனி கயிறு போல முறுக்கேறிக் கிடந்தது. தண்ணீரில் ஊறியும் மடிப்பு போகவில்லை. அதில் கட்டில் கம்பியின் பச்சைப் பெயின்ட் பிசிறு ஒட்டியிருந்தது. மற்ற நைட்டிகளையும் எடுத்துப் பார்த்தார். அவற்றிலும் அப்படியே.

மறுநாள் வந்தவர் பேண்ட்டைச் சுருட்டவில்லை. மனைவியின் கையை எடுத்து மடியில் வைத்து, துணியை மேலே தள்ளினார். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு பட்டை. இன்னொரு கையிலும் இருந்தது. வெகு நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவ கனவு பேசல. நான்தான் பேசிட்டிருந்திருக்கேன்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அப்புறம் திரையைப் பார்த்துக் கேட்டார்: "அக்கா, நீங்க பாத்தீங்களா?"

பெரியம்மா கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: "பாத்தேன். ஆயா சாப்பாட்டுத் தட்டை எடுத்த கையோட, நைட்டிக் கையைக் கம்பியில கட்டுவா. நீங்க வந்தா அவுப்பா."

"சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னா எனக்கு யாரு தண்ணி குடுப்பா? நீங்க வர்றப்ப வாய் கிழியக் கத்துறேனே, உங்களைக் கிண்டல் பண்ணவா கத்துறேன்? அவ சீக்கிரம் வந்து அவுக்கட்டும்னுதான்."

அன்று அவர் யாரிடமும் போகவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். "வேற எடம் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவேன்?" என்று என்னிடம் கேட்டார். "இவளைத் தூக்கி உக்கார வைக்க என் முழங்கால் ஒத்துக்காது. நான் நடந்து வர்ற தூரத்துல வேற எடமும் இல்ல." ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. அந்த அம்மாள் தன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "அவுத்து விடுங்க" என்று ஒரு தடவை சொன்னாள். பாட்டு மாதிரி, அவ்வளவு மெதுவாக.

அடுத்த நாள் நேரே இல்லத்தின் மேற்பார்வை அம்மாவின் அறைக்குப் போனார். துணைக்கு என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். கிழிந்த நைட்டியை மேஜைமேல் விரித்து வைத்தார்.

"கீழ விழுந்துடக் கூடாதுன்னு பாதுகாப்புக்காகப் பண்ணியிருப்பா சார்" என்றாள் மேற்பார்வை அம்மா.

"பாதுகாப்புன்னா நான் வர்றப்ப எதுக்கு அவுக்கணும்?"

மேற்பார்வை அம்மா நைட்டியை ஓரமாக நகர்த்தினாள்.

"அந்தப் பொண்ணு ஒண்டி ஆளு. மாடி முழுக்க அவதான் பாக்கணும்."

"அது உங்க குறை. அதை ஏன் இவ மணிக்கட்டுல கட்டுறீங்க? இன்னொரு ஆளைப் போடுங்க. கட்டிலைத் தாழ எறக்குங்க. கையை டாக்டர்கிட்ட காட்டுங்க. நான் நெனச்ச நேரத்துல வருவேன், கேட்டுல யாரும் தடுக்கக் கூடாது. இல்லைன்னா எங்க சொல்லணுமோ அங்க போய்ச் சொல்லுவேன்." குரல் உயரவே இல்லை. கடையில் ஜாக்கெட் அளவு படிக்கிற குரல்.

வேறு இடம் பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை. கட்டில் தாழ்ந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மாடிக்குப் புதிதாக இரண்டு ஆயாக்கள் வந்தார்கள். பழைய ஆயாவைக் கீழே துணி துவைக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். இப்போது டெய்லர் காலையில் வருவார், சாப்பாட்டு வேளையில் வருவார், போய்விட்டு அரை மணியில் திரும்பியும் வருவார். நைட்டிகளின் கைகளை முழங்கையோடு வெட்டிவிட்டார். குளிருக்குத் தன் பழைய ஸ்வெட்டரைப் போட்டுவிடுகிறார். தண்ணீரில் நடப்பதை விடவில்லை. ஆனால் அவள் ஏதாவது சொன்னால் உடனே இறங்கிவிடுவதில்லை. கட்டிலின் நாலு பக்கமும் ஒரு முறை பார்த்துவிட்டு அப்புறம்தான் இறங்குகிறார்.

போன வாரம் நான் இருந்தபோது பழைய ஆயா வெளுத்த போர்வைகளோடு மேலே வந்தாள். வாசலில் நின்றாள்.

"அப்பா, நான் அடிச்சேனா? திட்டினேனா? விழுந்து மண்டை உடைஞ்சிருந்தா அதுக்கும் என்னைத்தானே கேட்டிருப்பீங்க? பெத்த பொண்ணு மாதிரி பழகினீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

டெய்லர் எழுந்தார். ஜன்னலோரம் கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் போட்டு, அவளைப் பார்த்தபடி உட்கார்ந்தார். போர்வைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் நின்றாள். பிறகு அவற்றைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டே வெளியே போனாள்.