நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள்

வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. திருவேற்காட்டில் எங்கள் வாடகை வீடு மூன்றாவது மாடியில். காலையில் கணவர் அம்பத்தூருக்குக் கிளம்பிய பிறகு சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். ஒரு நேர்காணல் முடித்திருந்தேன், முடிவு வரவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாகப் பகல் போகும்.

அப்படி ஒரு முற்பகலில்தான் அந்த மெயில் வந்தது. முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். ஒரு வார்த்தைக்கும் பொருள் இல்லை. குப்பை என்று அழிக்கப் போனவள் சட்டென்று நின்றேன். அது தமிழ். யூனிகோட் வருவதற்கு முன்னால் அச்சு வேலைக்கென்று இருந்த பழைய ஃபான்ட்டில் அடித்த தமிழ். அந்த ஃபான்ட் இல்லாத திரையில் அப்படித்தான் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் ஓய்வு நேரத்தில் பிரவுசருக்கு ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் எழுதியிருந்தேன். இன்றைய தமிழைப் பழைய ஃபான்ட்டுக்கும், பழையதை இன்றையதற்கும் மாற்றும். வரியைத் தேர்ந்தெடுத்து வலது பக்கம் க்ளிக் செய்தால் போதும். அந்த மெயிலையும் அதிலேயே போட்டுப் படித்தேன்.

எழுதியவர் பூந்தமல்லியில் டிடிபி கடை வைத்திருக்கும் ஒரு பெண். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கத்னா எனும் சுன்னத் விருந்து அழைப்பிதழ் எல்லாம் அடிப்பவர். வாடிக்கையாளர்கள் வாட்ஸப்பில் அனுப்பும் வாசகத்தை என் எக்ஸ்டென்ஷனில்தான் மாற்றிக்கொள்வாராம். பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளுக்குப் பழைய ஃபான்ட் மட்டும்தான் தெரியும். போன வாரம் எக்ஸ்டென்ஷன் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. அன்றிலிருந்து வலது க்ளிக்கில் ஒன்றுமே வரவில்லை. எல்லாவற்றையும் கையால் அடித்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு நிமிடத்தில் பதில் போட்டேன். பிரவுசரைப் புதுப்பியுங்கள் என்று. முடியாது என்றார். கம்ப்யூட்டர் பழசு, அதற்கு மேல் புதிய பிரவுசர் அதில் ஏறாது, கம்ப்யூட்டரை மாற்றினால் வடிவமைப்பு மென்பொருள் ஓடாது. அதற்கும் உடனே எழுதினேன்: எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள். அரை மணி நேரத்தில், "நீக்கிட்டுச் சேத்தேம்மா. அப்படியேதான் இருக்கு" என்று வந்தது.

என் லேப்டாப்பில் சோதித்தேன். நன்றாக ஓடியது. பத்து முறை சோதித்தேன், பத்து முறையும் ஓடியது. அதுதான் தாங்கவில்லை. மெயிலின் அடியில் கடை எண் இருந்தது. கூப்பிட்டுத் திருவேற்காட்டிலிருந்து பேசுவதாகச் சொன்னேன்.

"போன்ல என்னாத்தச் சொல்றது? பக்கத்துலதான இருக்கிறே, வந்து பாரேன்" என்றார்.

ஷேர் ஆட்டோவில் ஏறினேன். நெடுஞ்சாலையில் மெட்ரோ தூண்களுக்கடியில் வண்டிகள் நகரவில்லை. நான் மனசுக்குள் வரி வரியாக என் நிரலைப் படித்துக்கொண்டிருந்தேன். "இன்னாம்மா, எறங்கலையா? எல்லாரும் எறங்கிட்டாங்க" என்று டிரைவர் திரும்பிப் பார்த்த பிறகுதான் பூந்தமல்லி வந்ததே தெரிந்தது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், செருப்புக் கடைக்கும் அத்தர் கடைக்கும் நடுவில், நாலு பேர் நிற்கும் அளவு இடம். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறந்தேன். சிவப்பாக ஒரு பிழை. பட்டியலை வரிசைப்படுத்தும் கட்டளை ஒன்று, 'அப்படி ஒன்று இல்லை' என்று நின்றுபோயிருந்தது. புதிய பிரவுசர்களில்தான் அது உண்டு. அவர் கம்ப்யூட்டரில் இருந்தது அதற்கு ஒரே ஒரு பதிப்பு முந்தையது. எழுத்துகளை மாற்றும்போது நீளமானதை முதலில் மாற்ற வேண்டும். 'க்ஷ' இருக்க, முதலில் 'க்'கைத் தொட்டால் எல்லாம் உடையும். அதற்காக வரிசைப்படுத்துகிறேன். முன்பு இரண்டு வரியில் எழுதியிருந்ததை, அழகாக இருக்கிறதே என்று ஒரே வரியாக்கிப் போன வாரம் வெளியிட்டேன். அந்த அழகு தொடக்கத்திலேயே இடறி, மெனு வராமலே போயிருக்கிறது.

கையோடு கொண்டுபோன லேப்டாப்பில் பழையபடி இரண்டு வரியாக எழுதி, பென் டிரைவில் போட்டு ஏற்றினேன். வலது க்ளிக். மெனு வந்தது.

"அட, வந்துருச்சே!" என்று கை தட்டினார். ஒரு நிக்காஹ் அழைப்பிதழ் வாசகத்தை எடுத்து மாற்றிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு குனிந்தார்.

"திருவேற்காடுக்குச் சின்ன 'ர்' வருதே. நான் போட்டு வெச்ச வார்த்தையெல்லாம் எங்க?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் போல, 'உங்கள் சொற்கள்' என்று ஒரு பெட்டி சேர்த்திருந்தேன். அடிக்கடி வரும் தவறுக்குச் சரியான எழுத்தை அதில் போட்டுக்கொள்ளலாம். நானே மறந்துவிட்டேன். அவர் மூன்று வருடமாக நிரப்பியிருக்கிறார். இன்ஷா அல்லாஹ் என்பதில் கடைசி 'ஹ்', ஊர்ப் பெயர்கள், எந்தக் குடும்பம் தங்கள் பெயரை எப்படி எழுதும் என்பது, எல்லாம். எக்ஸ்டென்ஷனை நீக்கினால் அந்தப் பெட்டியும் சேர்ந்து அழியும்.

பழைய கம்ப்யூட்டர், ஏதோ கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். வாய் வரை வந்தது.

"நான்தான்க்கா. நீக்கிட்டுச் சேருங்கன்னு சொன்னேன்ல, அப்பவே போயிருச்சு. திரும்ப எடுக்க முடியாது."

வாசலில் ஒருவர் விசிட்டிங் கார்டு கேட்டு வந்தார். கடைக்கார அக்கா அவரிடம் பேசி, மாதிரி காட்டி, அனுப்பிவிட்டு வந்தார். நான் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவும் தோன்றவில்லை.

"நீ ரெண்டே நிமிசத்துல பதில் போட்டேல்ல, எனக்கு அவ்ளோ சந்தோசம். யாரு இப்படி உடனே பதில் போடுறான்னு எங்க ஊட்டுக்காரர்கிட்ட சொன்னேன்" என்றார். குரலில் கோபமில்லை. "ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்மா."

மறுநாள் மதியம் போனேன். அதற்கடுத்த இரண்டு நாளும் போனேன். அவர் அடித்து முடித்த பத்திரிகைகளெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தன. அவற்றின் வாசகத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துத் தரும் ஒரு சின்ன நிரல் எழுதினேன். சொற்கள் ஆயிரக்கணக்கில் கொட்டின. நான் ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் வாடிக்கையாளரைப் பொறுக்கச் சொல்லிக் கை காட்டிக்கொண்டே, "இது வேணும், இது வேணாம், இத யாரும் தப்பா எழுத மாட்டாங்க" என்பார். வேண்டும் என்றதை வாடிக்கையாளர்கள் எப்படித் தவறாக எழுதி அனுப்புவார்கள் என்றும் சொல்வார்.

"காலை ஆட்டாதேம்மா, டேபிள் ஆடுது" என்று அடிக்கடி சொன்னார். நிறுத்துவேன். கொஞ்ச நேரத்தில் கால் தானாக ஆடத் தொடங்கும்.

இரண்டாம் நாள் அங்கே இருக்கும்போதுதான் நேர்காணல் முடிவு மெயிலில் வந்தது. வேறொருவரை எடுத்துவிட்டார்கள். சந்து முனை வரை நடந்து போய் நின்றேன். வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது. பஸ் ஒன்று வந்து நின்று, போனது. திரும்பி வந்து அடுத்த சொல்லை வாசித்தேன். என் முகத்தைப் பார்த்தவர், பக்கத்துக் கடையில் டீ சொன்னார்.

மூன்றாம் நாள் மாலை பாதிக்கு மேல் தேறியது. மீதி எந்தப் பத்திரிகையிலும் இல்லை. ஞாபகம் வரும்போது போட்டுக்கொள்கிறேன் என்றார். பட்டியலைத் தனிக் கோப்பாகச் சேமிக்க ஒரு பொத்தான் வைத்து, எப்படி அழுத்துவதென்று காட்டினேன். அவர் அதைச் சேமித்ததோடு நிற்காமல், அச்சடித்து ஒரு ஃபைலிலும் போட்டுக்கொண்டார்.

திருத்திய பதிப்பை அன்றைக்கே எல்லோருக்குமாக வெளியிட்டேன். அடுத்த வாரம் மூன்று மெயில் வந்தன. ஒருவர் ஆவடிப் பக்கம் பள்ளி அலுவலகத்தில் இருப்பவர். இன்னொருவர் கோயில் விழா மலர்ப் புத்தகம் தயாரிப்பவர். மூன்றாமவர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 'மறுபடியும் வேலை செய்கிறது, நன்றி' என்பதுதான் மூன்றிலும் இருந்தது. இத்தனை நாள் ஓடவில்லை என்று இவர்களில் ஒருவர்கூட எனக்கு எழுதவில்லை.

உடனே பதில் அடிக்க ஆரம்பித்தேன். பாதியில் கையை எடுத்துவிட்டு, எழுந்து பால்கனிக்குப் போனேன். திரும்பி வந்து, அடித்ததையெல்லாம் அழித்தேன். மூவருக்கும் ஒரே ஒரு கேள்வி மட்டும் எழுதினேன்: இடையில் இதை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தீர்களா?

பள்ளிக்காரர் இல்லை என்றார். மற்ற இருவரும் இன்னும் பதில் எழுதவில்லை.