டீயோடு வந்த மாத்திரை

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது. சோமனூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் என் வீட்டுக்காரர் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் நாள் முழுக்க நின்றால் தலையும் வலிக்கும், தோளும் வலிக்கும். அதற்கு முதலாளி ஒரு வழி வைத்திருந்தார். டீ டம்ளர்களோடு ஒரு கிண்ணத்தில் வலி மாத்திரையும் வரும். வேண்டியவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். வலி என்று யாரும் லீவு கேட்கவில்லை, தறியும் நிற்கவில்லை. தங்கமான மனுஷன் என்று தெருவே அவரைப் புகழும். நானும்தான் புகழ்ந்திருக்கிறேன்.

வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது. ஒரு கோடையில் என் வீட்டுக்காரருக்குப் பல்வலி வந்து, சரியாகச் சாப்பிடக்கூட முடியவில்லை. மளிகைக் கடையில் அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுத்த மாத்திரையை விழுங்கினார். கூடவே வந்த காய்ச்சலுக்கு மருந்துக் கடைக்காரர் தந்ததையும் விழுங்கினார். டீயோடு வந்ததையும் விடவில்லை. அந்த வாரமே வாந்தி, கண்ணெல்லாம் மஞ்சள்.

கோவையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈரல் கெட்டுவிட்டது, பிழைப்பாரா என்று சொல்ல முடியாது என்றார்கள். எத்தனை வருஷமாகக் குடிக்கிறார் என்றும் கேட்டார்கள். இவருக்கு அந்தப் பழக்கமே இல்லை என்றேன். எல்லாப் பெண்களும் இப்படித்தான் மறைப்பார்கள் என்று ஒருவர் சிரித்தார். என் கூடப்பிறந்த அண்ணனே வந்து, படுத்துக் கிடந்தவரைத் திட்டிவிட்டுப் போனான். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் வந்த டாக்டரம்மா ஒருவர்தான், என்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். டீயோடு வருவதை யார் மருந்து என்று நினைத்தோம்? தலைவலிக்குக்கூட இல்லையா என்று அவர் மறுபடி கேட்ட பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மாத்திரைகளையும் வரவழைத்துப் பார்த்தார்.

"பேருதாங்க வேற வேற. உள்ள இருக்கற மருந்து ஒண்ணேதான்."

அளவோடு போட்டால் கெடுதல் இல்லையாம். வெறும் வயிற்றில் மூன்று பக்கத்திலிருந்தும் போய்ச் சேர்ந்ததை ஈரல் தாங்கவில்லை. மருத்துவத்தை அதற்கேற்ப மாற்றினார்கள். மெல்ல மெல்லத் தேறி வந்தார்.

அப்போதுதான் முதலாளி ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். "இனியாச்சும் அந்தப் பழக்கத்த உடச் சொல்லு அம்மணி" என்றார்.

"ஏனுங்க, அவரு குடிச்சதெல்லாம் உங்க எடத்துல ஊத்துன டீ மட்டுந்தானுங்க. கூட மாத்திரை வெக்கறீங்களே, மொதல்ல அதைய நிறுத்துங்க."

அத்தனை கோபத்திலும் 'ங்க' போட்டுத்தான் பேசியிருக்கிறேன். நல்லது செய்யப்போய்க் கெட்ட பேரா என்று முனகிக்கொண்டே அவர் போய்விட்டார். கிண்ணம் வழக்கம்போல வந்துகொண்டுதான் இருக்கிறது என்று கூட வேலை செய்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

இன்றும் விசேஷ வீடுகளில் யாராவது என்னிடம் வந்து, குடியை விட்டுவிட்டாராமே, நல்லது என்று பாராட்டுகிறார்கள். அவர் சிரித்துக்கொள்வார், என்னால் முடிவதில்லை. ஒரு சொட்டுகூடத் தொடாதவருக்குக் குடிகாரர் என்ற பேர் நிலைத்துவிட்டது, மாத்திரையை நீட்டியவரோ இன்னும் தங்கமான மனுஷன்தான் என்பதை நினைத்தால் இப்போதும் என் வயிறு எரிகிறது.