தூளிக்கு மேலே ஓர் இரைச்சல்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு குடும்பம். ஒன்று நான். இன்னொன்று ஹாலில் இருக்கும் ஆடியோ சிஸ்டம். அதில் சப்வூஃபர் என்று ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. மிருதங்கத்தின் இடது பக்கம் எழுப்பும் கும்மென்ற சத்தம் போன்றவற்றை மட்டும் போடுவதற்காகவே தரையில் உட்கார்ந்திருக்கும். அதை எப்போதும் ஆனிலேயே வைத்திருப்பார். அணைத்தால் சூடு ஆறி, சத்தத்தின் தரம் கெட்டுவிடுமாம். என்னை இந்த அளவுக்கு யாரும் பார்த்துக்கொண்டதில்லை.

அந்தப் பெட்டிக்கு ஒரு வியாதி இருந்தது. பாட்டே போடாதபோதும் உம்ம்ம் என்று இரைந்துகொண்டே இருக்கும். பெட்டியோடு வந்த கேபிள் மட்டமானது, சுவரோரமாக ஃபிரிட்ஜ் வயரோடும் டிவி வயரோடும் ஒட்டிக்கொண்டு வருவதால் இரைச்சலை இழுக்கிறது, நல்ல கேபிள் போட்டால் சரியாகிவிடும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயரை மாற்றுவதற்கெல்லாம் கடைக்குப் போகிறவர் கேஸ் அடுப்பைச் சரிபண்ண ஏன் போகவில்லை என்று நானும் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மாற்றச் சொன்னது நான்தான். கீழ் வீட்டு பாயின் பெண் பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. மயிலாப்பூரில் எங்கள் சந்தில் இருக்கும் எல்லாக் கட்டடங்களையும் போல இதுவும் பழசு. மேலே ஒரு டம்ளர் விழுந்தால் கீழே கேட்கும். பச்சைக் குழந்தையின் தலைக்கு மேல் நாள் பூராவும் இந்த இரைச்சல் வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

"ஏங்க, அந்த வயரை மாத்திடுங்க" என்றேன். என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். நான் மனசு மாறுவதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிட்டார்.

சாரைப்பாம்பு தடிமனில் ஒரு கேபிள் வந்தது. சோபாவை நகர்த்தி, மற்ற வயர்களின் பக்கமே போகாமல் புது வழியில் அதைக் கொண்டுபோனார். முதுகு பிடித்துக்கொண்டது. மாட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"கேளு."

"என்ன கேக்கணும்?"

"ஒண்ணுமே கேக்கலை இல்ல? அதான்!"

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மதியம் கீழே குழந்தை அழ ஆரம்பித்தது. மறுநாளும் அழுதது. அதற்கடுத்த நாளும் நிற்கவில்லை. வயிற்றுவலியாக இருக்கும் என்று நினைத்து ஓமத்தண்ணி கொண்டுபோனேன். மாடிப்படியிலேயே பாயின் மகள் குழந்தையைத் தோளில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, ஒன்றுமில்லை என்கிறார்கள் என்றாள். பிறகு, உள்ளே இருக்கும் அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இவ கண்ண தொறந்தாலே எனக்குப் பயமா கீது ஆன்ட்டி. பெத்தவ இப்டி சொல்லலாமா?"

பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். மேலே வந்த பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை.

அடுத்த நாள் காலையில் பாய் வீட்டம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க வூட்ல உம்முனு ஒரு சத்தம் வந்துகினே இருக்குமே, அது இன்னா ஆச்சி?"

என் வீட்டுக்காரர் பெருமையாக முன்னால் வந்தார். "சரி பண்ணிட்டேன்மா. இனிமே வராது."

"ஐயோ சார்" என்று அந்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் விளங்கியது. எங்கள் பெட்டிக்கு நேர் கீழேதான் அவர்கள் வீட்டு விட்டத்துக் கொக்கி. அதில்தான் தூளி கட்டியிருந்தார்கள். எங்கள் தரையில் இரைந்தது கொக்கி வழியாகத் தூளிக்குள் இறங்க, குழந்தை பிறந்து வந்த நாள் முதல் அதைக் கேட்டுத்தான் தூங்கியிருக்கிறது. நாங்கள் நல்லது செய்கிறோம் என்று அதன் தாலாட்டைப் பிடுங்கிவிட்டோம்.

என் வீட்டுக்காரர் உடனே புது கேபிளைக் கழற்றிச் சுருட்டினார். பரணிலிருந்து பழையதை எடுத்து, பழைய வழியிலேயே விட்டார். முகம் தொங்கித்தான் போயிருந்தது. ஆனால் எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்யவேண்டும் அவருக்கு. போனைக் காதில் வைத்துக்கொண்டு, வயரை ஃபிரிட்ஜ் பக்கம் நகர்த்துவதும் விலக்குவதுமாக, "இப்ப எப்படிம்மா? முன்ன மாதிரி இருக்கா? இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா?" என்று கேட்டுக்கேட்டு இரைச்சலைச் சுதி சேர்த்தார். கச்சேரிக்குத் தம்புரா மீட்டுபவர்கூட இவ்வளவு பாடுபட்டிருக்கமாட்டார். கீழே அழுகை நின்றது.

அன்றிலிருந்து மதியத்தில் பாட்டு கிடையாது. பாட்டு போட்டால் குழந்தை தூக்கிவாரிப் போட்டு எழுந்துவிடுமாம். வெறும் இரைச்சல் மட்டும். எதிரே உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மதியம் கரண்ட் போனது. பெட்டி அடங்கியது. இன்வெர்ட்டரில் ஃபேன் மட்டும் சுற்றியது. கீழே ஒரு சின்னச் சிணுங்கல். அவ்வளவுதான், அவர் எழுந்த வேகத்தில் பேப்பர் பறந்தது. எங்கள் இன்வெர்ட்டர் பாட்டரி கிழடு. இரண்டையும் சேர்த்துத் தாங்காது. ஃபேனை நிறுத்தினார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துவந்து பெட்டியை இன்வெர்ட்டரில் செருகினார். உம் என்றது. இன்வெர்ட்டர் கரண்ட் என்பதால் இன்னும் கரகரப்பாக வேறு. வேறொரு நாளாக இருந்தால் இந்தச் சத்தத்துக்குப் பெட்டியையே வெளியே தூக்கிப் போட்டிருப்பார். சிணுங்கல் நின்றது.

கரண்ட் வர வெகுநேரம் ஆனது. பனியன் நனைந்து உடம்போடு ஒட்ட, அவர் பெட்டியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். நான் பழைய வாரப் பத்திரிகை ஒன்றை எடுத்து அவருக்கு விசிறினேன். இத்தனை வருஷச் சண்டைக்குப் பிறகு சொல்கிறேன், அந்த மனுஷனை எனக்கு அப்போது ரொம்பப் பிடித்திருந்தது.

சாயங்காலம் பாயின் மகள் குழந்தையோடு மேலே வந்தாள். குளித்து, தலை பின்னியிருந்தாள். அவர் குழந்தையை வாங்கிக்கொண்டுபோய்ப் பெட்டியைக் காட்டினார். நான் அவளைப் பார்த்து, "நடுவுல கரண்ட் போச்சே, எழுந்துட்டாளா?" என்றேன்.

"இல்ல ஆன்ட்டி. நான்தான் மொதல்ல எழுந்தேன்." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். "இவ எப்ப கண்ண தொறப்பான்னு தூளிய பாத்துகினே உக்காந்திருந்தேன்."