இரண்டாவது செருப்பு

பாசிக்குடாவில் ஒரு வான் வந்து நின்றது. கொழும்புக் குடும்பம். கடற்கரை, பூங்கா என்று ஒரு கிழமையாக நாயோடு சுற்றுகிறார்களாம். நாய்க்கென்று தனி இருக்கை, அதில் துவாய் வேறு விரித்திருந்தது. கடலில் குளித்துவிட்டு அது என்னைக் கடந்தபோது ஈர ரோமத்தின் மணம் மூக்கில் ஏறியது.

மழையில் எங்கள் நாய் மணியனிடமும் இதே மணம்தான். சண்டை எங்கள் ஊரான கரடியனாற்றை நெருங்கிய அன்று உழவு இயந்திரப் பெட்டியில் ஊரோடு ஏறினோம். எனக்குப் பத்து வயது. மணியன் சேற்றில் பின்னால் ஓடிவந்தான்.

"அகதி முகாமுக்க நாயை விடமாட்டாங்க. கலைச்சு விடு புள்ள," என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

செருப்பைக் கழற்றி அவன்மேல் எறிந்தேன். அதைக் கவ்விக்கொண்டு வாலை ஆட்டியபடி இன்னும் வேகமாக வந்தான். எறிந்ததைக் கொண்டுவரப் பழக்கியவள் நான்தான்.

மற்றச் செருப்பை வட்டைக்குள், நெற்பயிருக்கு நடுவே தூரமாக எறிந்தேன். விளையாடும்போது கூப்பிடும் அதே குரலில், "எடுத்திட்டு வா மணியன்," என்றேன்.

வாயிலிருந்ததைப் போட்டுவிட்டு நெல்லுக்குள் பாய்ந்தான். இயந்திரம் வளைவில் திரும்பியது.

வான்காரரின் நாய் ஈரப் பந்தை என் காலடியில் வைத்தது.

"எறியுங்க அன்ரி, அவன் கொண்டு வருவான்," என்றாள் அவர்களுடைய சிறுமி.

"ஓம், கொண்டு வருவான்," என்றேன். பந்தைத் தொட என்னால் முடியவில்லை.